ஒரு பவுண்டு, ஒரு கம்பெனி, ஒரு அறக்கட்டளை: லிவர்பூலின் தகர வீடுகள்

லிவர்பூலில் ஒரு வீடு காலியா இல்லையா என்று கதவைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. காலி என்றால் வாசலுக்கும் ஜன்னலுக்கும் தகரம் அடித்திருப்பார்கள். எல்லாம் வரிசை வீடுகள். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அங்கே கூரை ஓடு பெயர்ந்தால் இங்கே படுக்கையறைச் சுவரில் பூஞ்சை படரும். நாலு வீட்டுக்குத் தகரம் ஏறிவிட்டால் ஐந்தாவது வீட்டுக்காரர் மூட்டை கட்ட அதிக நாள் ஆகாது.

1930களில் எட்டரை லட்சம் பேர் வாழ்ந்த ஊர் இது. துறைமுக வேலைகள் போனபிறகு, 2001 கணக்கெடுப்பில் நாலரை லட்சம்கூட இல்லை. ஊரின் டாக்ஸ்டெத் வட்டாரத்துக்கு 1981 ஜூலைக் கலவரத்தின் கெட்ட பெயர் வேறு. ஆனால் அத்தனை தகரமும் தானாக ஏறிவிடவில்லை. விலைபோகாத வட்டாரங்களில் பழைய வீடுகளை வாங்கி, இடித்து, புதிதாகக் கட்டுவதற்கென்று 2002-ல் அரசு 'பாத்ஃபைண்டர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. குடியிருந்தவர்களை வெளியேற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 2011-ல் திட்டம் நின்றது. இடிப்பதற்கென்று வாங்கிய வீடுகள் தகரத்தோடு நகராட்சி கையில் தங்கின. அவற்றை யாரிடம் கொடுப்பது என்பதற்கு ஊர் மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்தது.

முதலாவது, வேவர்ட்ரீயின் வெப்ஸ்டர் முக்கோணம் உள்ளிட்ட இடங்களில் 2013 முதல் நடந்த 'ஒரு பவுண்டுக்கு வீடு'. பெயரைக் கேட்டதும் வாய் பிளக்கத்தான் தோன்றும். நிபந்தனைகளைப் படித்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். வாங்குபவருக்கு அது முதல் வீடாக இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் குடியிருக்கத் தகுந்ததாக்க வேண்டும். அடுத்த ஐந்து வருடம் அதிலேயே வாழவேண்டும். கூரை, மின்கம்பி, குழாய், தரை எல்லாமே புதிதாகப் போடவேண்டிய வீடுகள் இவை. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பார்களே, அதுதான். கையில் சேமிப்பும், கொத்து வேலையோ தச்சு வேலையோ தெரிந்த மச்சானும் இருந்தால் இதைவிட நல்ல பேரம் கிடையாது. இரண்டும் இல்லாதவருக்கு இது வெறும் தலைப்புச் செய்தி.

இரண்டாவது, டாக்ஸ்டெத்தில் பிரின்சஸ் பூங்காவை ஒட்டிய வெல்ஷ் தெருக்கள். 1870களில் ரிச்சர்ட் ஓவன்ஸ் வடிவமைக்க, வேல்ஸிலிருந்து வந்தவர்கள் கட்டியவை. அதனால்தான் வோலஸ், பாவிஸ், கின்மெல் என்று தெருப் பெயர்கள். மாட்ரின் தெரு 9-ம் எண் வீட்டில்தான் 1940-ல் ரிங்கோ ஸ்டார் பிறந்தார். பீட்டில்ஸ் ரசிகர்கள் அந்த வீட்டு வாசலில் வந்து கிறுக்கிவிட்டுப் போவார்கள். நானூறுக்கும் மேற்பட்ட வீடுகளை இடிக்க நகராட்சி ஒற்றைக்காலில் நின்றது. பொது விசாரணை நடந்து, 2015 ஜனவரியில் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் இடிக்க அனுமதி மறுத்தார். அப்புறம் பிளேஸ்ஃபர்ஸ்ட் என்ற நிறுவனம் உள்ளே வந்தது. முதலில் வோலஸ் தெருவில் மட்டும் வெள்ளோட்டம். ஒட்டியிருந்த சிறு வீடுகள் சிலவற்றை இணைத்துப் பெரிதாக்கினார்கள். பின்புறம் குப்பை கொட்டிக் கிடந்த சந்து, பிள்ளைகள் விளையாடும் பொதுத் தோட்டமானது. இடிக்க வேண்டிய இடம் என்று விசாரணையில் அதிகாரிகள் வாதாடிய தெருவில் இப்போது வாடகைக்கு ஆள் வருகிறார்கள். வேகத்திலும் எண்ணிக்கையிலும் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் விற்பனை கிடையாது, வாடகை மட்டும்தான். அதுவும் சந்தை வாடகை. முன்பு அங்கே குடியிருந்து அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வருவதற்கான ஏற்பாடு அல்ல இது.

மூன்றாவதைத்தான் நான் அதிக நேரம் நின்று பார்த்தேன். பிரின்சஸ் அவென்யூவைத் தாண்டினால் கிரான்பி. பீக்கன்ஸ்ஃபீல்ட், கெயர்ன்ஸ், ஜெர்மின், டூசி என்று இடிபாட்டுக்குத் தப்பிய நாலு தெருக்கள். இங்கே யாரும் திட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. மிச்சமிருந்த குடும்பங்கள், அதிலும் முக்கியமாகப் பெண்கள், தெருவைப் பெருக்கினார்கள், காலி வீட்டு வாசல்களில் தொட்டிச் செடி வைத்தார்கள், அடைத்த ஜன்னல்கள்மேல் பூக்களும் திரைச்சீலையும் வரைந்தார்கள், மாதச் சந்தை போட்டார்கள். 2011-ல் சமுதாய நில அறக்கட்டளையாகப் பதிவு செய்துகொண்டு, கெயர்ன்ஸ் தெருவில் பத்து வீடுகளை நகராட்சியிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். லண்டன் கட்டடக்கலைக் குழுவான அசெம்பிள் அவற்றைச் சீரமைத்துக் கொடுத்தது. 2015-ல் அந்தக் குழுவுக்குப் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தபோது, வீடு பழுதுபார்ப்பதும் கலையா என்று லண்டன் விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள்.

அந்த வீடுகளில் வைத்த கணப்பு மேடையைத் தொட்டுப் பார்த்திருந்தால் சுளித்திருக்க மாட்டார்கள். வீடுகளிலிருந்து வாரிய செங்கல், ஓட்டுச் சில்லுகளை சிமென்டோடு வார்த்து, மொசைக் தரைபோல் தேய்த்து மெருகேற்றியது அது. சிவப்பும் சாம்பலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். தளமும் கூரையும் போன இரண்டு வீடுகளை வீடாக்காமல், கண்ணாடிக் கூரை போட்டு 2019-ல் குளிர்காலத் தோட்டமாகத் திறந்தார்கள். மாடி இருந்த உயரத்துக்கு அங்கே மரம் வளர்கிறது.

அழகைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பத்திரத்தில் இருக்கும் ஷரத்து. விலையும் வாடகையும் சந்தையோடு போகாமல், வட்டாரத்து மக்களின் வருமானத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. வாங்கியவர் விற்கும்போதும் அதே கணக்குதான். ஒரு பவுண்டு வீட்டில் ஐந்து வருடம் கழிந்ததும் சந்தை விலைக்கு விற்கலாம். அதன்பின் அந்த வீட்டால் அடுத்த ஏழைக்குப் பயனில்லை. வெல்ஷ் தெருவில் வட்டாரத்துக்கு மவுசு கூடினால் லாபம் நிறுவனத்துக்கு. கிரான்பியில் மட்டும் மவுசு கூடினாலும் வீடு கைக்கெட்டும் விலையிலேயே நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. பத்துப் பதினொரு வீடுகள் எந்த மூலைக்கு? அதே தெருக்களில் பெரும்பகுதி வேலையை வீட்டுவசதிச் சங்கங்கள்தான் செய்தன. ஏழெட்டுப் பேர் வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் உட்கார்ந்த பிறகே முதல் சாவி கிடைத்தது. வேலை மாற்றலாகி அடுத்த மாதம் குழந்தைகளோடு வந்து இறங்குபவருக்கு நான் வோலஸ் தெருவைத்தான் காட்டுவேன். ஆனால் நகராட்சி கையில் இன்னும் நூறு தகர வீடுகள் இருந்து, பாதியைக் கம்பெனிக்கும் மீதியைத் தனியாருக்கும் கொடுக்கலாமா என்று கேட்டால், முதல் முப்பதை அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்பேன்.

நேரில் பார்க்க நினைத்தால் மாதச் சந்தை நாளாகப் பார்த்துப் போங்கள். கெயர்ன்ஸிலிருந்து வோலஸுக்குப் பொடிநடைதான்.