சக்கரச் சமநிலை ஸ்டாண்டு செய்து வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மோட்டார் சைக்கிள் டயரை வீட்டிலேயே கழற்றி மாட்டவும், சக்கரத்தைச் சமநிலைப்படுத்தவும் கருவிகள் செய்து தருவதாகச் சொன்ன ஒரு பட்டறைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் செய்துகொடுத்த சமநிலை ஸ்டாண்டை நம்பி, ரிம்மில் எடைத் துண்டுகள் ஒட்டிய சக்கரத்தோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போயிருக்கிறேன் என்பதை நினைத்தால்தான் இன்னும் கொதிக்கிறது. இதே கருவிகளைச் செய்து வாங்க நினைக்கிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நான் கேட்டது மூன்று பொருள்கள்: டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து அமுக்கிப் பிரிக்கும் நீண்ட நெம்புகோல், டயரை ரிம்மின் மேல் நெம்பி எடுக்கும் இரண்டு டயர் லிவர்கள், சமநிலை பார்க்கும் ஸ்டாண்டு. வரைபடமும் நானே கொடுத்தேன். ஸ்டாண்டின் அமைப்பு மிக எளிது. இரண்டு தூண்கள், ஒவ்வொரு தூணின் தலையிலும் அருகருகே இரண்டு சிறு பேரிங்குகள், அவற்றின் மேல் கிடக்கும் ஒரு நேரான தண்டு, சக்கரத்தைத் தண்டின் மையத்தில் பிடித்துவைக்க இரு பக்கமும் ஒவ்வொரு கூம்பு. சக்கரத்தைச் சுழலவிட்டால் கனமான இடம் தானாகக் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே, மேல் பக்கம், எடைத் துண்டை ஒட்ட வேண்டும். பேரிங் 608 எண், அதாவது ஸ்கேட்டிங் காலணிகளில் வரும் 8 மில்லிமீட்டர் துளையும் 22 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் கொண்டது. தண்டு கிரைண்டிங் செய்த (சாணையில் துல்லியமாகத் தேய்த்த) எஃகாக இருக்க வேண்டும், கூம்பின் துளையையும் சரிவையும் லேத்திலிருந்து (கடைசல் இயந்திரத்திலிருந்து) கழற்றாமல் ஒரே பிடியில் கடைய வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வந்து சேர்ந்த பொருள் பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. வெள்ளிப் பூச்சு, ரப்பர் கால்கள், எல்லாம் கச்சிதம். முன்சக்கரத்தை ஏற்றினேன், கனமான இடம் என்று ஸ்டாண்டு காட்டிய இடத்துக்கு எதிரே எடைகளை ஒட்டினேன், சக்கரம் எந்த நிலையிலும் அசையாமல் நின்றது. ஆனால் சாலையில் வேகம் கூடக்கூட, அதுவரை இல்லாத உதறல் கைப்பிடியில் வந்தது. எடை ஒட்டுவதற்கு முன்பு அந்த வண்டி அப்படி உதறியதே இல்லை.

இந்த உதறலைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 17 அங்குல ரிம்மில் வெறும் 20 கிராம் பிசகு இருந்தால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமான விசையாகச் சக்கரத்தை இழுக்கும். அந்த இழுப்பு நொடிக்குப் பதினைந்து தடவை திசை சுற்றும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

தண்டின் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. உள்ளே இருந்தது கிரைண்டிங் செய்த தண்டே அல்ல, ஜன்னல் கம்பிக்குப் போடுகிற சாதாரண இரும்புக் கம்பி. அதைத் தடிமனான கண்ணாடிப் பலகையில் வைத்து விரலால் மெல்ல உருட்டினேன். நேரான தண்டு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். இது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தயங்கி, ‘டக்’கென்று விழுந்தது. பின்னாலிருந்து டார்ச் அடித்தால், நடுவில் கண்ணாடிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு வெளிச்சக் கீற்று தோன்றித் தோன்றி மறைந்தது. பேரிங்குகளில் ரப்பர் மூடியும் கெட்டி கிரீஸும் அப்படியே இருந்தன. சுண்டிவிட்டால் அரைச் சுற்றில் நின்றுவிட்டன.

எல்லாவற்றையும்விட மோசம் கூம்புகள். துளையை ஒரு பிடியிலும் சரிவை இன்னொரு பிடியிலும் கடைந்திருக்கிறார். இரண்டிலும் துளை மையத்திலிருந்து ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்றுதான் அவரும் கேட்டார். கணக்குப் பாருங்கள்: 10 கிலோ சக்கரம் முழுவதும் அரை மில்லிமீட்டர் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தால், அது 17 அங்குல ரிம்மின் விளிம்பில் 23 கிராம் எடை வைத்ததற்குச் சமம். இரண்டு கூம்பும் ஒரே பக்கம் பிசகியிருந்தால், குறையே இல்லாத சக்கரத்தைக்கூட இந்த ஸ்டாண்டு 23 கிராம் குறையுள்ளதாகக் காட்டும். நாம் அதை நம்பி எடை ஒட்டுவோம். இல்லாத குறையை நாமே உண்டாக்கிக்கொண்டு சாலைக்குப் போவோம்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை, ஒரு சுண்ணக்கட்டி போதும். சக்கரம் நின்றதும் அடியில் உள்ள இடத்தில் குறியிடுங்கள். கூம்புகளைத் தளர்த்தி, சக்கரத்தை அசைக்காமல் தண்டையும் கூம்புகளையும் சேர்த்து அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கி, சக்கரத்தை விடுங்கள். அதே குறி மீண்டும் அடிக்கு வந்தால் கனம் சக்கரத்தில் இருக்கிறது. குறி வேறு இடத்துக்கு நகர்ந்தால் ஸ்டாண்டு பொய் சொல்கிறது. என்னுடையதில் குறி ஏறக்குறைய உச்சிக்கே போய்விட்டது. பேரிங் இறுக்கத்துக்கு வேறு சோதனை உண்டு. சமநிலையில் நிற்கும் சக்கரத்தின் ரிம்மில், அச்சுக்கு நேரான உயரத்தில் 5 கிராம் துண்டு ஒன்றை ஒட்டிக் கையை எடுத்தால், அந்தப் பக்கம் மெல்லக் கீழே இறங்க வேண்டும். இறங்காத ஸ்டாண்டில் எந்தச் சக்கரமும் சமநிலையில் இருப்பதுபோலத்தான் தெரியும்.

லிவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முனைகளை அரம்கூடப் போடாமல் வெட்டியபடியே கொடுத்திருந்தார். ரிம்மில் கீறல் விழுந்தது, டியூப் கிழிந்தது. “தடிமன் இருந்தால்தான் வலு” என்று வாதாடினார். எதிர்ப்பக்கத்து டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் அமுக்கி வைத்துவிட்டால் லிவருக்கு அவ்வளவு வலுவே தேவைப்படாது. தடித்த முனை இடுக்கில் நுழையவே நுழையாது. விளிம்பு பிரிக்கும் நெம்புகோலின் வெல்டிங்கோ மேலோட்டமாகப் படிந்திருந்ததே தவிர உள்ளே பிடிக்கவில்லை. பாரம் கொடுத்தபோது மூட்டு பிளந்துகொண்டது. நல்லவேளை, முகத்தில் அடிக்கவில்லை.

புகார் சொன்னபோது முதலில் “ஓட ஓடப் பழகிவிடும்” என்றார். பிறகு என் டயர்தான் மட்டம் என்றார். கண்ணாடியில் உருட்டிக் காட்டுகிறேன் வாருங்கள் என்று கூப்பிட்டதும் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஆகவே, முழு வேலையையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்காதீர்கள். தூண்களும் அடித்தளமும் எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். அவற்றில் நுணுக்கம் தேவையில்லை, தண்டு மட்டமாகக் கிடந்தால் போதும். நுணுக்கம் முழுக்கத் தண்டிலும் கூம்பிலும்தான். கிரைண்டிங் செய்த தண்டு அளவு வெட்டியே விற்கப்படுகிறது, அதைத் தனியாக வாங்குங்கள். கூம்பைக் கடையும்போது லேத் அருகிலேயே நில்லுங்கள். துளை போட்ட பிறகு கழற்றி மாட்டப் போனால் அங்கேயே தடுத்துவிடுங்கள். பேரிங்கின் மூடிகளை ஊசியால் நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் கிரீஸைக் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும், ஊதினாலே சுழலும். டயர் லிவர் முனைகளின் கூர்மையை அரத்தால் மழுக்கி, உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள்.

செய்து வாங்கியே ஆக வேண்டும் என்றால், கண்ணாடிச் சோதனையும் அரைச் சுற்றுச் சோதனையும் உங்கள் கண்முன் நடந்த பிறகுதான் மீதிப் பணம் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையில் வேலை தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். நான் பின்னால் கூம்பு கடையக் கொடுத்த லேத்காரர், நான் கேட்பதற்கு முன்பே தண்டைக் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தார்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட ஸ்டாண்டில் எடை ஒட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றே சக்கரத்தை இறக்கி அரைச் சுற்றுச் சோதனையைச் செய்யுங்கள். குறி நகர்ந்தால் ஒட்டிய எடைகள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அச்சு நட்டை வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கி, பிடிமானம் வரும்வரை பிரேக் லிவரை அழுத்திப் பாருங்கள். சரியான ஸ்டாண்டில் மறுபடி பார்க்கும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.