ஆறு வருடம், ஒரு போர்டு, வயதே ஏறாத கார்டுகள்

கோயம்புத்தூரில் இருக்கும் கல்லூரி நண்பன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "நீங்க வச்சிருக்கிற அந்த போர்டு டூல் விலையைக் குறைச்சுட்டாங்களாம்டா. எங்க டீமுக்கு வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். போட முடியவில்லை. ஆறு வருடமாக அதோடுதான் குடித்தனம். அதனால் மொத்தத்தையும் இங்கே கொட்டிவிடுகிறேன். வேலைகளைக் கார்டுகளாக ஒட்டி, கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்க்கும் கம்ப்யூட்டர் பலகை அது. டூலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் புலம்பப்போவதில் ஒரு பங்கு எங்கள் செட்டிங்கின் குற்றமும்தான்.

எங்கள் அலுவலகம் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பழைய கம்ப்யூட்டர் திரைகளைப் புது வெப் திரைகளாக மாற்றிக் கொடுக்கும் வேலை. 1,400 சொச்சம் திரைகள். இதை ஃபேக்டரி மாடல் என்பார்கள். திரைக்கு ஒரு கார்டு. அனாலிசிஸ், கோடிங், ரிவ்யூ, டெஸ்டிங், டெலிவரி என்று கார்டு ஒவ்வொரு கட்டமாக நகரும். சிம்பிள் என்றால் 8 மணி நேரம், மீடியம் 16, காம்ப்ளெக்ஸ் 40. கோடு எழுதுகிற பையனுக்கு அனாலிசிஸ் செய்த பெண் யாரென்றே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை என்பதுதான் இந்த மாடலின் பெருமை.

"இதெல்லாம் நம்ம ஐடி கம்பெனிகளோட கண்டுபிடிப்பா?" என்று அந்த நண்பனே ஒரு முறை கிண்டல் செய்தான். இல்லை. ஹிட்டாச்சி 1969-லேயே சாஃப்ட்வேருக்கென்று தனியாக ஒன்றை, ஆலை என்ற பெயரிலேயே, தொடங்கிவிட்டது. தோஷிபா 1977-இல் ஜப்பானின் ஃபுச்சூவில் தொடங்கியது. தோஷிபாக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ஒரு முறை எழுதிய கோடைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதை. நாங்கள் பிடித்துக்கொண்டது கார்டு நகர்த்துவதை.

சரி, டூலுக்கு வருகிறேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும்.

ஒவ்வொரு கட்டத்திலும் அதிகபட்சம் இத்தனை கார்டுதான் என்று வரம்பு வைக்கலாம். எங்களிடம் டெஸ்டர்கள் நான்கே பேர். டெஸ்டிங்குக்கு 12 என்று வைத்தோம். பதின்மூன்றாவது கார்டை இழுத்து வந்தால் கட்டம் சிவப்பாகும், கார்டு ஏறாமல் பழைய இடத்துக்கே துள்ளிப் போய்விடும். முதல் மாதம் எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. தினமும் யாராவது ஒருவர் என் மேஜைக்கு வந்து "சார், கார்டு ஏற மாட்டேங்குது" என்று நிற்பார்கள். ஏறாத கார்டோடு சும்மா உட்கார முடியாமல் கோடு எழுதுகிறவர்களே டெஸ்டர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உதவ ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லவில்லை. டூல் கதவைச் சாத்தியது, அவ்வளவுதான்.

எங்கள் டெலிவரி மேனேஜருக்கு இது புரியவில்லை. "ஆரம்பிக்காத கார்டே இருக்கக் கூடாது" என்பது அவர் கொள்கை. கேன்டீனில் டிஷ்யூ பேப்பரில் எழுதிக் காட்டினேன்: 36 கார்டு நடுவில் இருக்கிறது, நாளுக்கு 6 முடிகிறது என்றால் ஒரு கார்டு உள்ளே நுழைந்து வெளியே வர சராசரி 6 நாள். அதே வேகத்தில் 90 கார்டைத் திணித்து வைத்தால் 15 நாள். ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்த கணக்கு. பெங்களூரின் பேர்போன நெரிசல் சந்திப்பான சில்க் போர்டில் தினமும் வண்டியோடு நிற்கிற மனிதருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அந்த டிஷ்யூவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வரம்பைத் தளர்த்தச் சொல்வதை அதோடு நிறுத்தினார்.

இந்த ஒன்றுக்காகவே டூலுக்குக் கோயில் கட்டலாம் என்று நான் சொன்னது உண்டு.

இப்போது வயிற்றெரிச்சல். ஒவ்வொரு கார்டின் மூலையிலும் சின்னதாக ஓர் எண் இருக்கும்: இத்தனை நாள் என்று. அது கார்டு பிறந்து எத்தனை நாள் என்பதல்ல. இப்போதிருக்கும் கட்டத்துக்கு வந்து எத்தனை நாள் என்பது. கார்டு முன்னால் போனாலும் சரி, உதை வாங்கிப் பின்னால் வந்தாலும் சரி, எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

1187 என்று ஒரு கார்டு. பாலிசியில் நாமினி மாற்றும் திரை. ரொம்பச் சாதாரணமானது, சிம்பிள், 8 மணி நேரம். மூன்று நாமினிகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 33.33 சதவீதம். கூட்டினால் 99.99. 'மொத்தம் 100 இல்லை' என்று புதுத் திரை சேமிக்க மறுத்தது. டெஸ்டிங் திருப்பி அனுப்பியது. பையன் 99.99-ஐயும் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றினான். அப்போது யாராவது தவறாக 99.99 என்று போட்டாலும் உள்ளே போய்விடுகிறது என்று மறுபடி திரும்பி வந்தது. பழைய சிஸ்டத்தில் மீதி 0.01-ஐ முதல் நாமினிக்குத் தள்ளிவிடும் வரி ஒன்று ஏதோ மூலையில் இருந்திருக்கிறது. அனாலிசிஸ் தாளில் அது ஏறவில்லை. கார்டு ஐந்து முறை போய்ப் போய் வந்தது, 47 நாள். அந்த 47 நாளில் எந்தக் காலையில் போர்டைப் பார்த்தாலும் அதன் மூலையில் 1, 2, மிஞ்சிப்போனால் 4. வாராந்தர ரிப்போர்ட் பச்சைப் பசேலென்று போயிற்று: 'ஐந்து நாளுக்கு மேல் நிற்கும் கார்டு எதுவும் இல்லை.' கிளையன்ட் தரப்பு அம்மா ஒருவர் போனில் நிதானமாகக் கேட்டார், நாமினி திரை என்ன ஆயிற்று என்று. மியூட்டில் போட்டுவிட்டு டூலைத் தமிழில் திட்டினேன். பக்கத்து சீட் கன்னடக்காரருக்கும் புரிந்துவிட்டது.

சப்போர்ட்டுக்கு எழுதினால் "அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது" என்று பதில். கார்டு தலைப்பிலேயே பிறந்த தேதியை எழுதுங்கள் என்று டீமிடம் சொன்னேன். ஆறு பேர் எழுதுகிறார்கள். மீதி நாற்பது பேர் மறந்துவிடுகிறார்கள். அதனால் ஆறு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்கு எல்லாவற்றையும் எக்செலில் இறக்கி, கார்டுகளின் வயதைக் கையால் கணக்குப் பார்க்கிறேன். லட்சக்கணக்கில் பணம் கட்டி வாங்கிய டூலுக்கு நான் ஜாதகம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தீபாவளிக்கு ஓசூரிலிருந்து அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். மாமா அங்கே கியர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தவர், "ஏன் மாப்ள, ஃபேக்டரிங்கறீங்க, இதுல ரிஜெக்‌ஷன் டப்பா எங்க?" என்றார். அவர்கள் லைனில் கெட்டுப்போன பீஸ் சிவப்பு டப்பாவில் விழும். பூட்டுச் சாவி குவாலிட்டிக்காரரிடம். ஏன் விழுந்தது என்று எழுதாமல் ஒரு பீஸ் வெளியே வராது. "நீங்க கெட்ட பீஸை எடுத்து நல்ல பீஸோட டிரேயிலயே திரும்பப் போட்டுடறீங்களே" என்று சிரித்துவிட்டு, அதிரசம் சாப்பிடப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமையே 'சிவப்பு டப்பா' என்று ஒரு கட்டம் சேர்த்தேன், வரம்பு 5. திரும்பும் கார்டு அதில்தான் விழ வேண்டும், காரணம் எழுதாமல் வெளியே வராது. பிரமாதமாக வேலை செய்தது. இரண்டே மாதத்தில், திரும்பும் கார்டுகளில் பாதிக்கு மேல் அனாலிசிஸ் தாளில் விட்டுப்போன விதிகளால்தான் என்று தெரிந்துவிட்டது. கோடு எழுதும் பிள்ளைகளை அதுவரை வீணாகக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் டப்பாவிலிருந்து வெளியே வந்தாலும் வயது பூஜ்யம்தான்.

இன்னொன்று. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஒரே மாதிரி இருந்த தேடல் திரைகளுக்குச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி ஒரே நாளில் 11 கார்டை முடித்தாள். தோஷிபாவில் இருந்திருந்தால் கைகுலுக்கியிருப்பார்கள். எங்கள் டூல், மதிப்பிட்ட நேரத்துக்கும் ஆன நேரத்துக்கும் வித்தியாசம் அதிகம் என்று 11 கார்டையும் சிவப்பாக்கி, 11-க்கும் தனித்தனியாக விளக்கம் கேட்டு அவளுக்கு மெயில் தட்டியது. அந்த எச்சரிக்கையை அணைக்க முடியும், அணைத்துவிட்டேன். அவள் அதற்குள் பயந்துபோய், அடுத்த வாரம் ஸ்கிரிப்ட்டை ஓட்டிவிட்டு மெதுவாக நாளுக்கு இரண்டு கார்டாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

நண்பனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ வாங்க வேணாம்கிற?" என்றான். வாங்காதே என்றேன். பத்துப் பேர் இருக்கிற டீமுக்கு ஒரு வெள்ளை போர்டும் ஒட்டுத்தாளும் போதும், தாளில் தேதி போட்டால் அது அழியாது. "நீங்க?" என்றான். நாங்கள் போன செவ்வாய்க்கிழமைதான் இன்னும் மூன்று வருடத்துக்குப் புதுப்பித்தோம், கையெழுத்துப் போட்டவனே நான்தான் என்று சொன்னேன். சிரித்தான். வரம்பை மீறினால் கார்டைத் துள்ள வைக்கிற அந்த ஒன்றை விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை என்று அவனுக்கு எப்படிச் சொல்ல.

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்றே முக்கால். எக்செலைத் திறக்க வேண்டும்.