இரண்டடித் தொட்டிக்கு மீன் வாங்க கொளத்தூர் போகலாமா?

தாராளமாகப் போகலாம். சென்னையில் வீட்டுத் தொட்டிக்கு மீன் வாங்க கொளத்தூரை விட்டால் எனக்கு வேறு இடம் தோன்றுவதே இல்லை. சுற்றுவட்டாரத்திலேயே பலர் மீன் வளர்த்து விற்பதால் கப்பி, மோலி, பிளாட்டி போன்ற சின்ன மீன்களெல்லாம் விலை குறைவு, ரகமும் ஏராளம். ஆனால் எந்த மீன் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

முதல் தடவை நான் அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் சொன்னதை நம்பி நான்கு கோல்டு ஃபிஷ்ஷும், பாசியைச் சுத்தம் செய்யும் என்று ஒரு சக்கர் மீனும் வாங்கினேன். புதுத் தொட்டி, மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளரவே நான்கு வாரமாவது ஆகும், அதை யாரும் சொல்லவில்லை. பத்தே நாளில் நான்கு கோல்டு ஃபிஷ்ஷும் போய்விட்டன, தினமும் காலையில் எண்ணிப் பார்க்கும் என் மகள் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. விரல் நீளத்தில் விற்கிற அந்தச் சக்கர் ஓர் அடிக்கு மேல் வளரக்கூடியது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. பெரிதாகிவிட்டதென்று அதை ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள், நம் நாட்டு மீன்களுக்கு அது கேடு.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் மணல் போக ஐம்பது லிட்டர் தண்ணீர்கூட நிற்காது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர், கடினமானது, அதற்குக் கப்பியும் பிளாட்டியும் நன்றாக ஒத்துப்போகின்றன. நியான் டெட்ரா அழகுதான், ஆனால் அதற்கு மென்மையான தண்ணீர் வேண்டும், குறைந்தது ஆறு மீன் சேர்ந்து இருந்தால்தான் பயமில்லாமல் நீந்தும். ஆண் கப்பி மட்டும் வாங்கினேன், பெண்ணும் இருந்தால் மாதம் ஒருமுறை குஞ்சுதான்.

கொளத்தூரில் ஒரு தொட்டி முன்னால் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். ஒரு கப்பி வாலை விரிக்காமல் குச்சி போல ஒடுக்கி வைத்திருந்தது, உடம்பில் உப்புத்தூள் ஒட்டியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள், இரண்டும் நோயின் அறிகுறி. அந்தத் தொட்டியிலிருந்து ஒரு மீன்கூட எடுக்கவில்லை. அடுத்த கடையில் கொஞ்சம் தீனி போடச் சொன்னேன், அவரும் முகம் சுளிக்காமல் போட்டார், எல்லாம் பாய்ந்து வந்தன, அங்கேயே ஆறு வாங்கினேன். ஏழு மாதமாகிறது, ஆறும் நலம்.

குறை என்றால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிதானமாகக் கேள்வி கேட்க முடியாது, ஃபைட்டர் மீனைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வைத்திருப்பதும் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. வார நாளில் காலையில் போங்கள். வீட்டுக்கு வந்ததும் மீன் இருக்கும் கவரைப் பிரிக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவருக்குள் கலந்து, அப்புறம் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீர் தொட்டிக்குள் வேண்டாம்.