டூம் 3-இன் இருட்டா, ஃபியரின் ஏணியா?

2004-இல் வந்த டூம் 3 என்ற திகில் வீடியோ கேம் பயமுறுத்த நம்பியிருப்பது இருட்டை. டார்ச்சைப் பிடித்தால் துப்பாக்கி கையில் இருக்காது. துப்பாக்கியை எடுத்தால் ஒன்றும் தெரியாது. முதல் ஒரு மணி நேரம் அருமை. அப்புறம், கவசத்தை எடுக்கக் குனிந்தால் பின்சுவர் திறந்து இம்ப் என்ற பேய் பாயும் என்பது பழகிவிடுகிறது. 2012 பதிப்பில் டார்ச்சைக் கவசத்திலேயே பொருத்திவிட்டார்கள். இருந்த பதற்றமும் போச்சு.

2005-இன் ஃபியர் கேம் பயத்தையும் சண்டையையும் பெரும்பாலும் பிரித்தே வைக்கிறது. சிப்பாய்கள் தங்களுக்குள் குரல் கொடுத்தபடி, மேசையைக் கவிழ்த்து மறைந்து, பக்கவாட்டில் சுற்றி வருவார்கள். நேரத்தை மெதுவாக்கித்தான் சமாளிக்க வேண்டும். எல்லாம் ஓய்ந்தபின், ஏணியில் இறங்கத் திரும்பினால் எதிரே சிவப்பு உடையில் அல்மா என்ற பேய்ச்சிறுமி. சுட நினைப்பதற்குள் காணோம். சரி, எனக்கு அந்த ஏணிதான்.