வண்டியில் ஸ்டீரியோ மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

தர்மபுரியில் ஸ்டீரியோ பொருத்தித் தரும் கடை ஒன்று செய்த ஒயரிங் வேலையால் என் குட்டி யானை சரக்கு வண்டி எரிந்தே போயிருக்கும். பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் தக்காளி ஏற்றுகிற ஓட்டுநர்கள் பலர் வண்டியில் ஸ்டீரியோ செட் மாட்டுகிறார்கள். இரவு ஓட்டத்தில் பாட்டுதான் துணை. அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

செட், கதவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர், கூலி எல்லாம் சேர்த்து ஒரே தொகை பேசினார்கள். பில் கேட்டதற்கு, கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச்சீட்டில் தொகையை எழுதி நீட்டினார் உரிமையாளர். “நம் கடைதானே அண்ணா, எதுவானாலும் கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

கொஞ்ச நாளிலேயே, விடியற்காலையில் மண்டியில் லோடு ஏற்றி முடித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. கடைக்குப் போனேன். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள்” என்றார்கள். பேட்டரி விற்றவரோ சோதித்துப் பார்த்து, பேட்டரியில் குறையில்லை, வண்டியில் எங்கோ கரண்ட் இழுக்கிறது என்றார்.

அடுத்து நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. சேலத்துக்கு லோடுடன் போகையில், தொப்பூர் கணவாய் இறங்குவதற்குச் சற்று முன் ஸ்டீயரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஓரம் கட்டிச் சாவியை அணைத்தேன். புகை நிற்கவில்லை. கீழே குதித்து பேட்டரி முனையைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. லாரிகள் வரிசை கட்டி இறங்கும் அந்தச் சரிவின் நடுவில் இது நடந்திருந்தால் எங்கே நிறுத்தியிருப்பேன்?

வேறொரு ஆட்டோ எலக்ட்ரீசியன் டேஷ்போர்டைக் கழற்றிக் காட்டினார். செட்டின் பின்னால் வரும் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்க வேண்டும். நேரத்தையும் ஸ்டேஷன்களையும் செட் நினைவில் வைப்பது அதனால்தான். சிவப்பு ஒயருக்குச் சாவி போட்டால் மட்டுமே கரண்ட் வர வேண்டும். கறுப்பு எர்த். என் வண்டியில் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, நேராக பேட்டரிக்கு இழுத்திருந்தார்கள். சாவியை எடுத்த பிறகும் செட் உறங்குவதில்லை. இரவெல்லாம் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. சாவி லைனைத் தேடி எடுக்க நேரம் பிடிக்கும், இரண்டையும் முறுக்கிவிட ஒரு நிமிடம் போதும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்த வேலை.

அதைவிடக் கொடுமை, அந்த நீள ஒயரில் ஃபியூஸே இல்லை. செட்டுக்குப் பின்னால் சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கிறது, உண்மைதான். அது செட்டைத்தான் காக்கும். பேட்டரியிலிருந்து செட் வரைக்கும் வரும் ஒயரைக் காக்காது. தகட்டுத் துளை வழியாக ரப்பர் வளையம்கூடப் போடாமல் ஒயரை நுழைத்திருந்தார்கள். வண்டியின் அதிர்வில் தகட்டு விளிம்பு ஒயரின் தோலை அறுத்து, செம்பு இரும்பைத் தொட்டிருக்கிறது. முறுக்கிய இடத்தில் சுற்றியிருந்த டேப் பசை உருகி நழுவிக் கிடந்தது. இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்புக் கோடு போட்ட ஒயர்களையும் செட்டுக்குக் கொண்டு வராமல் பாடியில் எர்த் செய்திருந்தார்கள். இன்றைய செட்களில் அந்த ஒயர் எர்த் கிடையாது. அப்படிக் கொடுத்தால் செட்டின் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் சூடேறிக் கெட்டுப்போகும்.

கருகிய ஒயரை எடுத்துப்போய்க் கடை உரிமையாளரிடம் காட்டினேன். “ரோடு மோசம் அண்ணா, ஒயர் உரசத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். நாம் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வாடகை வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவரையும் நுகர்வோராகவே 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் பில் வேண்டும். பில் தராத கடையில் வண்டியை விடாதீர்கள். டேஷ்போர்டை மூடுவதற்கு முன் ஒயர்களைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே செட் மாட்டியவர்கள் இன்றே ஒன்று செய்யுங்கள். சாவியை எடுங்கள்; செட் தானாக அணைய வேண்டும். பிறகு பேட்டரி முனையிலிருந்து மஞ்சள் ஒயரைத் தொடர்ந்து பாருங்கள். ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், செட்டின் பின்னால் உள்ள ஃபியூஸில் 10 என்றோ 15 என்றோ போட்டிருக்கும் அதே ஆம்பியரில். இல்லையென்றால் அந்த ஒயரை பேட்டரியிலிருந்து கழற்றி டேப் சுற்றிவிட்டு, நல்ல எலக்ட்ரீசியனிடம் போகும்வரை பாட்டில்லாமல் ஓட்டுங்கள்.