சைபர் இராஜதந்திரப் பயிற்சி: இணையவழிப் பாடமா, கண்டியில் மூன்று நாள் மேசைப் பயிற்சியா?

வெளிநாட்டுச் சேவை அதிகாரிகளுக்குச் சர்வதேச சைபர் ஒத்துழைப்பைக் கற்றுக்கொடுக்க நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, எல்லோரையும் இணையவழிப் பாடத்தில் சேர்த்துவிடுவது. மற்றது, ஓரிடத்தில் தங்கவைத்து, கற்பனைச் சம்பவம் ஒன்றைக் கொடுத்து, கடிதமும் தொலைபேசியுமாக வேலை செய்யவைப்பது. நாங்கள் தேர்ந்தது இரண்டாவதை, அதுவும் கண்டியில். மறுபடி கேட்டாலும் அதைத்தான் சொல்வோம்.

இணையவழிப் பாடத்தைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.நா. ஆயுதக் களைவு அலுவலகத்தின் சைபர் இராஜதந்திரப் பாடம் இலவசம். கம்பளையில் இருந்தும் படிக்கலாம், கன்பராவில் இருந்தும் படிக்கலாம். 2015இல் ஐ.நா. நிபுணர் குழு சைபர் வெளியில் நாடுகளின் நடத்தைக்கு வகுத்த 11 பொறுப்பு நெறிகள், 2021இல் எல்லா நாடுகளும் சேர்ந்து ஏற்ற அறிக்கை போன்ற வரலாற்றையும் வாசகங்களையும் படிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஒரு சம்பவம் வந்தால் யாருக்கு அழைப்பது, என்ன எழுதுவது என்பது அந்தப் பாடத்தால் கைக்கு வராது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்ததைப் பாருங்கள். வியாழன் இரவு 35 போலிப் பணமாற்றக் கட்டளைகள் நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்குப் போயின. டாக்காவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, நியூயோர்க்கில் சனியும் ஞாயிறும், மணிலாவில் திங்கள் சீனப் புத்தாண்டு. 8.1 கோடி டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு வந்த 2 கோடி டொலர் மட்டும், பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் சந்தேகம் எழுந்து தடுக்கப்பட்டது. திருடியவர்கள் விடுமுறைகளைக் கணக்குப் பார்த்தே நாளைத் தேர்ந்திருக்கிறார்கள். ஒத்துழைப்புப் பயிற்சியும் அந்த நாட்காட்டியை வைத்துத்தான் நடக்க வேண்டும்.

மேசைப் பயிற்சியின் அமைப்பு இப்படி. 24 பேர், நான்கு மேசை, மேசைக்கு ஆறு பேர். வெளிநாட்டு அமைச்சில் இருந்து இருவர். பொலிஸ், சட்டமா அதிபர் திணைக்களம், இலங்கை சேர்ட் (கணினிச் சம்பவங்களைக் கையாளும் தேசிய அமைப்பு), வங்கித் துறை ஆகியவற்றில் இருந்து ஒவ்வொருவர். வெறும் இராஜதந்திரிகளை மட்டும் உட்காரவைத்தால் அது பேச்சோடு நின்றுவிடும். சம்பவத்தை மலையகத்தில் இருந்தே எடுக்கலாம்: தலவாக்கலையில் அணை உள்ள 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கணினி வெளிநாட்டுச் சேவர் ஒன்றில் இருந்து தாக்கப்படுவதாகக் கற்பனை. சம்பவத்தின் அடுத்த கட்டத்தைச் சொல்லும் சீட்டு ஒன்று அரைமணிக்கு ஒருமுறை மேசைக்கு வரும். முதல் சீட்டில் எழுதியிருக்கும் நேரம் வெள்ளி மாலை 4.30.

இரண்டாம் சீட்டில் மேசை எழுத வேண்டியது, சைபர் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையின் 29ஆம் உறுப்புரைப்படி தரவைப் பாதுகாத்து வைக்கக் கேட்கும் விண்ணப்பம். இலங்கை இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது 2015இல். விண்ணப்பத்தில் ஆறு விடயங்கள் இருக்க வேண்டும்: கேட்கும் அதிகாரி யார், குற்றமும் சம்பவச் சுருக்கமும், எந்தத் தரவு, அது யாரிடம் அல்லது எங்கே இருக்கிறது, ஏன் பாதுகாக்க வேண்டும், பின்னர் முறையான சட்ட உதவி கோரப் போகிறோம் என்ற உறுதி. எல்லா மேசையும் தடுமாறுவது மூன்றாவதில்தான். ஐபி முகவரியை மட்டும் எழுதுவார்கள். ஒரே முகவரியை நூற்றுக்கணக்கானோர் பகிரும்போது போர்ட் எண் (ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் எண்) இல்லாமல் ஆளைப் பிரிக்க முடியாது. நேரத்தை இலங்கை நேரமா உலக நேரமா (UTC) என்று குறிக்காவிட்டால் ஐந்தரை மணித்தியாலம் தவறி, வேறு யாரோ ஒருவரின் தரவு பூட்டப்படும்.

அடுத்த தவறு, பாதுகாத்தாலே தரவு கைக்கு வந்துவிடும் என்று நினைப்பது. 29ஆம் உறுப்புரை தருவது குறைந்தது 60 நாள் அவகாசம் மட்டும். அதற்குள் சட்ட உதவிக் கோரிக்கை போகாவிட்டால் தரவு அழியலாம். இராஜதந்திரிகளுக்கே உரிய தவறும் ஒன்று உண்டு: அவசர விண்ணப்பத்தை 24 மணிநேரத் தொடர்பு நிலையத்துக்கு அனுப்பாமல், முறைப்படி இராஜதந்திரக் குறிப்பாகத் தூதரகம் வழியே அனுப்புவது. அது போய்ச்சேர நாட்கள் ஆகும். அதோடு, ‘அந்த நாடு தாக்கியது’ என்று ஒருவர் எழுதிவிடுவார். அந்த நாட்டு முகவரியில் இருந்து வந்தது என்பது மட்டும் அந்த அரசின்மேல் பழிபோடப் போதாமல் இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2015 அறிக்கையே சொல்கிறது. இதைப் பாடமாக வாசித்தவர்கள்கூட அவசரத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இருந்தும் எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. வெளிநாட்டுச் சேவையில் சில வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். சான்றிதழ் ஆளோடு போய்விடும். தொடர்புப் பட்டியல் கதிரையில், அதாவது பதவியோடு, இருக்க வேண்டும். ஆகவே மூன்றாம் நாள் முழுவதும் ஒரே வேலை: ஒரு பக்கப் பட்டியல். பதவி, அலுவலகத் தொலைபேசி எண், கைப்பேசி, விடுமுறை நாளில் பொறுப்பு யார், அவருக்கு மாற்று யார். பெயரைவிடப் பதவிதான் முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில், எல்லா எண்ணுக்கும் அழைத்துப் பார்க்க வேண்டும். பட்டியலை அச்சடித்தும் வைக்க வேண்டும். 2023 ஓகஸ்ட்டில் அரசாங்க மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் மென்பொருள்) தாக்கியபோது மே 17இல் இருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன. பட்டியல் அங்கே மட்டும் இருந்தால் தேவையான நேரத்தில் அதுவும் கிடைக்காது. மூன்று நாள் ஒரே மேசையில் சாப்பிட்டவர் ஞாயிறு இரவு அழைத்தால் எடுக்கிறார். இணையவழிப் பாடத்தில் சேர்ந்து படித்தவர் எடுப்பாரா என்பது சந்தேகம்.

கொழும்பில் நடத்தினால் பாதிப்பேர் பகல் சாப்பாட்டோடு அலுவலகம் போய்விடுவார்கள். கண்டியில் அந்த வசதி இல்லை, அதுவே நன்மை. நுவரெலியா இன்னும் அமைதிதான், ஆனால் பயணத்திலேயே அரைநாள் போகும். மழைக்காலமானால் எங்கே வைத்தாலும் ஜெனரேட்டர் உள்ள மண்டபமாகப் பாருங்கள்.

50 பேருக்கு மேல் வந்தால் இந்த முறை தாங்குமா என்று அடித்துச் சொல்லமாட்டோம். இணையவழிப் பாடத்தை முன்தயாரிப்பாக இரண்டு வாரம் வைப்பது எப்படியும் நல்லது. ஒரே ஒரு அதிகாரி உள்ள சிறு தூதரகத்தில் இருந்து ஆளை அழைக்க முடியாதென்றால், அதே சீட்டுகளைத் தொலைபேசியில் அரைமணிக்கு ஒன்றாக வாசிக்கலாம். அவர் அங்கிருந்து விண்ணப்பத்தை எழுதி அனுப்பட்டும். கண்டி மேசை அதில் போர்ட் எண்ணும் உலக நேரமும் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்பும்.