ஏஜென்சியின் விளம்பரக் கணக்கா, சொந்தக் கணக்கா?

போன பொங்கல் வரை எங்கள் சத்துமாவுக்கான பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்கள் ஒரு ஏஜென்சியின் கணக்கில் ஓடின. இப்போது எங்கள் சொந்தக் கணக்கில் ஓடுகின்றன. இரண்டிலும் பணம் போட்டுப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம், நான் சொந்தக் கணக்குக் கட்சி.

ஏஜென்சி கணக்கின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். படத்தையும் பணத்தையும் அனுப்பிவிட்டு நாம் மாவு வறுக்கப் போகலாம். எங்களுக்கும் எட்டு மாதம் அப்படித்தான் நன்றாகப் போனது.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த ஏஜென்சிப் பையன் கூப்பிட்டான். "அக்கா, விளம்பரம் நின்னுருச்சுங்க்கா. அக்கவுண்ட்டை ரெஸ்ட்ரிக்ட் பண்ணிட்டாங்க. ரெண்டு நாள்ல வேற அக்கவுண்ட்ல போட்டுடலாம்." எங்கள் விளம்பரத்தில் என்ன தப்பு என்று கேட்டேன். ஒன்றுமில்லையாம். அதே கணக்கில் இன்னும் நாலைந்து பேருடைய விளம்பரங்களும் ஓடியிருக்கின்றன. அதில் ஒருவர் தொப்பை குறைக்கும் எண்ணெய்க்கு, தேய்ப்பதற்கு முன், தேய்த்த பின் என்று ஒப்பிடும் படம் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார். அவரால் எங்கள் மாவும் நின்றுவிட்டது.

விளம்பரம் நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதன் முழு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. மறுபரிசீலனை கேட்கும் பட்டன், பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் பிசினஸ் சப்போர்ட் ஹோம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் அனுமதி உள்ளவருக்குத்தான் அது பயன்படும். எனக்கு எந்த அனுமதியும் இல்லை. எங்கள் வெப்சைட்டில் வைத்திருந்த பிக்சலும், அதாவது வந்துபோகிறவர்களைக் குறித்துவைக்கும் சின்ன நிரலும், அவர்களுடைய போர்ட்ஃபோலியோவில்தான் இருந்தது. ஒரு தொழிலின் விளம்பரக் கணக்கு, பேஜ், பிக்சல் எல்லாவற்றையும் மெட்டாவில் ஒன்றாக வைக்கும் பெட்டிதான் போர்ட்ஃபோலியோ. யார் வந்து பார்த்தார்கள், யார் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனார்கள் என்று எட்டு மாதம் சேர்ந்த தகவல் முழுக்க அங்கேயே தங்கிவிட்டது. ஒரு போர்ட்ஃபோலியோவில் திறந்த விளம்பரக் கணக்கை இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது. வாடகை வீட்டில் கிணறு வெட்டிய கதைதான்.

அப்புறம் அந்த 'வேற அக்கவுண்ட்' சமாச்சாரம். கட்டுப்பாடு வந்த பிறகு அதைத் தாண்டுவதற்காகவே புதுக் கணக்கு திறப்பதும் மெட்டாவின் விதிப்படி மீறல்தான். அடுத்த முறை தடை விளம்பரக் கணக்கோடு நிற்காமல் நம் பேஸ்புக் பேஜ் வரை போகலாம். கணக்குகளை வாடகைக்கு விடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளும் இதே ரகம்.

சரி, சொந்தக் கணக்கு சொர்க்கமா என்றால் இல்லை. முதல் சில வாரம் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் செலவழிக்க விடாது. தொழில் நம்முடையதுதானா என்று மெட்டா சரிபார்க்கும் பிசினஸ் வெரிஃபிகேஷனில் நான் கடைப் பெயரைக் கொடுத்தேன், ஜிஎஸ்டி சான்றிதழில் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. இரண்டும் பொருந்தும்படி திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. நானும் கொழுந்தனாரும் ஆக இரண்டு பேர் அட்மின், இருவருக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு. ஒருவருடைய ஐடி முடங்கினாலும் மற்றவர் உள்ளே போகலாம். பணத்தை யுபிஐயில் முன்கூட்டியே போட்டுவிடுகிறோம். கார்டில் தானாகப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓடிபி வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. செலவு கூடினாலும், அது தவறி, பாக்கி நின்று விளம்பரம் நின்றுபோகும் தொல்லை இதில் இல்லை. ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்ததால் பில் எங்கள் பெயருக்கே வருகிறது, அதிலுள்ள 18 சதவீத வரியை நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்கிறோம். சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு இந்த லாபம் கிடையாது.

ஆனால் நம் வாயிலிருந்து எந்தக் கணக்கும் நம்மைக் காப்பாற்றாது. சொந்தக் கணக்கில் இரண்டாவது வாரமே என் விளம்பரம் ஒன்று நிராகரிக்கப்பட்டது. நான் எழுதியிருந்தது: "உங்கள் குழந்தை எடை கூடவில்லையா?" எந்தப் பாட்டியும் கேட்கிற கேள்விதான். ஆனால் பார்ப்பவரின் உடல்நிலையைத் தெரிந்துவைத்திருப்பதுபோலப் பேசக் கூடாது என்பது விதி. "ராகி, கம்பு, பச்சைப்பயறு உட்படப் பதினொரு தானியம். வறுத்து அரைத்தது. அரைக் கிலோ 240 ரூபாய்" என்று மாற்றினேன், அனுமதி கிடைத்துவிட்டது. "சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்" என்ற வரியையும் எடுத்தேன். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறையே தடுக்கிறது, பேஸ்புக் வரை போகவே வேண்டாம். நிராகரித்ததை அப்படியே திரும்பத் திரும்ப அனுப்புவதும் கூடாது, அந்த மீறல்களெல்லாம் கணக்கின் பேரில் சேர்ந்துகொண்டே போகும். ஏஜென்சி கணக்கில் இப்படி எத்தனை சேர்ந்திருந்தது என்று எனக்குக் காட்டவே இல்லை.

சொந்தக் கணக்கு என்றால் எல்லா வேலையையும் நாமே செய்ய வேண்டும் என்று அர்த்தமில்லை. ஈரோட்டில் ஒரு பெண் எங்களுக்காக விளம்பரம் ஓட்டுகிறார், மாதச் சம்பளம். அவருக்கு பாஸ்வேர்ட் கொடுக்கவில்லை. அவருடைய போர்ட்ஃபோலியோ எண்ணை வாங்கி, பார்ட்னராகச் சேர்த்து, விளம்பரத்தை நிர்வகிக்கும் அனுமதியை மட்டும் கொடுத்திருக்கிறோம். நாளைக்கு ஒத்துவரவில்லை என்றால் எடுத்துவிடலாம், கணக்கும் பிக்சலும் எங்களிடமே இருக்கும். எந்த ஏஜென்சியோடு பேசினாலும் கட்டணத்தைக் கேட்கும் முன்னால், கணக்கை யாருடைய போர்ட்ஃபோலியோவில் திறப்பீர்கள் என்று கேளுங்கள்.

தீபாவளிக்கு மட்டும் இரண்டாயிரம் ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறவர், வெப்சைட்டும் இல்லாதவர் என்றால் ஏஜென்சி கணக்கே போதும், இழக்க அதில் ஒன்றுமில்லை. எங்கள் செலவு மாதம் பதினைந்தாயிரத்தைத் தாண்டியதில்லை. லட்சக்கணக்கில் போடுகிறவர்களுக்கு லாப நட்டம் வேறு மாதிரி இருக்கலாம், அந்த அனுபவம் எனக்கில்லை.

போன வாரம் அந்தப் பழைய பையன் மறுபடி கூப்பிட்டான். "புது அக்கவுண்ட் இருக்குங்க்கா, இதுல ஒண்ணும் ஆகாது." உன் போர்ட்ஃபோலியோ எண்ணை அனுப்பு தம்பி, எங்கள் கணக்கில் உனக்கு அனுமதி தருகிறேன் என்றேன். இன்னும் அனுப்பவில்லை.